நாற்பது வளையங்கள்

எங்கள் இல்லத்தில் தவக்காலம் வண்ணத் தாளோடு தொடங்கும். திருநீற்றுப் புதன் முதல் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய நாள் வரை 46 நாள்கள். அவற்றுள் ஞாயிற்றுக்கிழமைகள் ஆறனையும் நீக்கினால் எஞ்சுவன 40. அத்தனை தாள் துண்டுகளையும் பேரக் குழந்தைகள் வளையங்களாக ஒட்டிச் சங்கிலியாக்கிக் கூடத்தில் தொங்கவிடுவர். நாள்தோறும் மாலையில் ஒரு வளையம் நறுக்கப்படும். அன்று யாது துறந்தோம், எவர்க்கு உதவினோம் என்று சொல்பவரே கத்தரிக்கோலை எடுக்கலாம். தின்பண்டத்திற்கென வைத்த காசு மண் உண்டியலில் விழும்.

ஓராண்டு, ஒரு மாலையில் என் முறை வந்தது. “காப்பியைத் துறந்தேன்” என்றேன். எட்டு வயதுப் பெயர்த்தி என்னை நிமிர்ந்து நோக்கி, “சின்னத் தாத்தாமேல் உள்ள கோபத்தை எப்போது விடுவீர்கள், தாத்தா?” என்று வினவினாள். வேலித் தகராறு ஒன்றால் என் தம்பியோடு ஏழாண்டுகளாக நான் பேசியதில்லை. நோன்பு என்னும் சொல், பொறுத்தலைக் குறிக்கும் அடியிற் பிறந்தது என்று வகுப்பறையில் முப்பதாண்டுகள் கற்பித்தவன் நான்! கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். அன்று வளையம் நறுக்கப்படவில்லை.

குருத்து ஞாயிறு வந்தது. கோயிலில் மந்திரித்துத் தந்த தென்னங்குருத்தைக் குழந்தைகள் நீளவாக்கில் கிழித்து, மடித்து, குறுக்கே செருகிச் சிறு சிலுவைகள் செய்தனர். வீட்டில் உள்ளோர் அனைவருக்கும் கொடுத்த பின்னும் ஒன்று எஞ்சியது. பெயர்த்தி அதனை வாய் திறவாமல் என் கையில் வைத்தாள்.

தம்பி தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தான். சிலுவையை நீட்டினேன். அவன் அதனை வாங்கி நெடுநேரம் பார்த்திருந்தான். பின்னர், “உள்ளே வாருங்கள், அண்ணா” என்றான். வேலி இருந்த இடத்திலேயே இருக்கின்றது. அதைப் பற்றிய பேச்சு எழவேயில்லை.

முந்திய ஆண்டின் குருத்தோலைகளைச் சுட்டெடுத்த சாம்பலையே திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசுவது வழக்கம். மறு ஆண்டு தம்பி அவ்வோலைச் சிலுவையைத் தானே கோயிலுக்குக் கொண்டுவந்தான். அது எரிந்து நீறாகி எங்கள் இருவர் நெற்றியிலும் படிந்தது.

மாணவர்களே! நாவை அடக்கும் நோன்பு எளிது. நெஞ்சை அடக்கும் நோன்பே அரிது. முதிய பண்டிதனுக்கு அப்பாடத்தைக் கற்பித்தவள் எட்டு வயதுச் சிறுமி.