எங்கள் ஐந்தாண்டுத் திட்டம்

நம் நாடு 1951-ஆம் ஆண்டு முதல் ஐந்தாண்டுத் திட்டங்கள் தீட்டி வந்தது. பன்னிரண்டாவது திட்டம் 2017-இல் முடிந்தது. அதோடு அந்த முறை கைவிடப்பட்டது. இதைச் சமூக அறிவியல் வகுப்பில் நடத்தி முடித்த எங்கள் சிஸ்டர், “நாடு விட்டதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்களேன்!” என்று சிரித்தபடியே ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். பதினைந்து வயது முதல் இருபது வயது வரை, ஆண்டுக்கு ஒரு வரியாக ஐந்தே வரிகள். “டாக்டர் ஆவேன், கலெக்டர் ஆவேன் என்று எழுத வேண்டாம். எந்த ஆண்டில் எங்கே இருந்து என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்று எழுதுங்கள்” என்பது கட்டளை. வீட்டுப் பெரியவர்களின் கையெழுத்தும் வாங்கி வர வேண்டுமாம். வினையே அங்கேதான் தொடங்கியது.

சுந்தரபாண்டியபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து படிப்பவர்கள் நாங்கள் நால்வர். எங்கள் ஊரை அறியாதவர் இருக்க முடியாது. 1992-இல் வெளிவந்த ‘ரோஜா’ திரைப்படத்தின் கதாநாயகி எங்கள் ஊர்ப் பெண்ணல்லவா? சாரல் காலத்தில் சூரியகாந்தி பூத்துவிட்டால் போதும், கேரளத்திலிருந்து கார் காராக வந்து வயலில் இறங்கிப் படம் பிடிப்பார்கள். பூவெல்லாம் நாள் முழுதும் சூரியனோடு திரும்பும் என்று நினைத்து மாலையில் வருபவர்கள் ஏமாந்து போவார்கள். திரும்புவது இளஞ்செடிதான், முற்றிய பூ கிழக்கே பார்த்தபடியே நிற்கும். வருகிறவர்கள், அந்தப் படத்தில் கதாநாயகி தன் ஆசைகளை அடுக்கிக்கொண்டே போகும் பாட்டைப் பாடச் சொல்லி எங்களைக் கேட்பதுண்டு. நாங்களும் பாடுவோம். ஆசைகளை அடுக்குவது எளிது, தோழியரே! ஆண்டுகளை அடுக்கிப் பாருங்கள், அப்போது தெரியும்.

பஸ்ஸிலேயே எழுதத் தொடங்கினோம். பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு ஆண்டு. கல்லூரியில் பட்டப்படிப்பு மூன்று ஆண்டு. கூட்டினால் ஐந்து! சிஸ்டர் கணக்குப் போட்டுத்தான் தாள் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் நர்ஸிங் நான்கு ஆண்டு, பொறியியல் நான்கு ஆண்டு. மருத்துவமோ பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. எங்களுள் மருத்துவம் படிக்க விரும்பியவள் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் கோடு போட்டாள்.

வேளாண்மை படிக்க விரும்பியவளுக்கு வீட்டில் நல்ல வரவேற்பு. கிள்ளிகுளத்தில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது என்று அவள் சொன்னதும் அவள் அப்பா, “விவசாயமா? அதுக்கு எதுக்குட்டி அவ்வளவு தூரம் போகணும்? காலையில என்கூட வயலுக்கு வா, பீஸ் இல்லாம நானே சொல்லித் தாரேன்” என்றாராம். சிரித்துவிட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டார். ஆசிரியை ஆக விரும்பியவளின் தாளிலோ படித்துப் பார்க்காமலே கையெழுத்து விழுந்தது. அவளுக்கு அதில் சிறிது வருத்தம்தான்.

இனி எங்கள் நான்காவது தோழியின் கதைக்கு வருவோம். கணக்கில் வகுப்பிலேயே முதல்வள் அவள். அம்மா பீடி சுற்றுகிறார்கள். அப்பா கூலி வேலைக்குப் போகிறார்கள். பள்ளி விட்டு வந்ததும் அவள் மடியிலும் ஒரு பீடித்தட்டு ஏறிவிடும். பிளஸ் ஒன்னில் கணக்குப் பிரிவு, பிறகு திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரி என்று அவள் ஐந்து வரியும் எழுதியிருந்தாள். அதை அவள் ஆச்சியிடம் படித்துக் காட்டினோம். ஆச்சி முழுவதும் கேட்டுவிட்டு, “எல்லாஞ் சரிதான். இருவது வயசு வரைக்கும் எழுதியிருக்கியளே, கல்யாணத்தை எந்த வரியில எழுதியிருக்கிய?” என்றார்கள். எங்கள் நால்வருக்கும் வாயடைத்துவிட்டது.

ஆச்சிக்குத் திருமணம் நடந்தபோது வயது பதினைந்து. அதாவது எங்கள் வயது! மறுநாள் இதைச் சிஸ்டரிடம் சொன்னபோது, 1949 முதல் 1978 வரை பெண்ணுக்குத் திருமண வயது சட்டப்படியே பதினைந்துதான் என்றும், 1978-இல்தான் அதைப் பதினெட்டு ஆக்கினார்கள் என்றும் விளக்கினார்கள். ஆகவே ஆச்சியின் வீட்டார் சட்டத்தை மீறியவர்கள் அல்லர். எங்கள் வயதில் ஆச்சிக்கு யாரும் இப்படித் தாள் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் முதல் வரியிலேயே எல்லாம் முடிந்திருக்கும்.

அவள் அப்பாவின் கவலை திருமணம் அன்று, தூரம். “கணக்கு குரூப்புல சேர்ந்தா பொறவு இன்ஜினீயரிங்னு வந்து நிப்பா. இன்ஜினீயரிங்னா திருநெல்வேலி, ஹாஸ்டல், பீஸு. அப்பம் போய் முடியாதுன்னு சொல்லி அழ விடதுக்கு, இப்பமே வேற குரூப் எடுத்துட்டா நல்லதுல்லா?” என்றார்கள். யோசித்துப் பார்த்தால், ஐந்து வரிகளில் கனமான வரி முதல் வரிதான் என்பதை எங்களுக்கு முன்பே கண்டுகொண்டவர் அவர்தான். ஜூன் மாதத்தில் எடுக்கும் பிரிவு இருபதாவது வயதில் எந்த ஊரில் இருப்போம் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

எங்களுக்குத் துணை செங்கோட்டையிலிருந்து கிடைத்தது. சூரியனை ஆராய இந்தியா அனுப்பிய ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி அவர்கள் செங்கோட்டையில் பிறந்தவர். அங்குள்ள அரசு பெண்கள் பள்ளியில் படித்தவர். எங்கள் தோழி எழுதிய அதே திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்து, 1987-இல் இஸ்ரோவில் சேர்ந்தார். ஆதித்யா புறப்பட்டது 2023 செப்டம்பர் 2-ஆம் நாள். இடையில் 36 ஆண்டுகள். ஐந்தாண்டுத் திட்டம் ஏழு போட்டாலும் ஓராண்டு மிஞ்சும்! அந்தக் கலமும் எடுத்த எடுப்பிலே பாய்ந்து போய்விடவில்லை. முதலில் பூமியைச் சுற்றும் பாதையையே நான்கு முறை சிறிது சிறிதாக உயர்த்தினார்கள். செப்டம்பர் 19-இல்தான் அது தன் பயணப் பாதையில் செலுத்தப்பட்டது. அக்டோபர் 6-இல் 16 விநாடி எஞ்சினை இயக்கி வழியைத் திருத்தினார்கள். 2024 ஜனவரி 6-இல், சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளியுள்ள தன் இடத்தை அடைந்தது. அங்கே அது பணிபுரிய வகுத்த காலம் எவ்வளவு தெரியுமா? ஐந்து ஆண்டுகள்! அந்த 16 விநாடியைப் படித்த பிறகு, எங்கள் தாளையும் பென்சிலால் எழுதலாமா என்று சிஸ்டரிடம் அனுமதி கேட்டுப் பெற்றோம்.

இத்தனையும் தெரிந்துகொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நால்வரும் அவள் அப்பாவிடம் போய்ச் சொன்னோம். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். “செங்கோட்டையா? அவுக அய்யா என்ன வேலை பார்த்தாக?” என்றார்கள். “விவசாயம்தான் மாமா” என்றோம் ஆவலாக. “சொந்த நிலத்துலயா, கூலிக்கா?” என்று திருப்பிக் கேட்டார்கள். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். கேள்வி நியாயமானது.

அப்போதுதான் எங்கள் திட்டத்தில் உள்ள குறை தெரிந்தது. நாட்டின் திட்டங்களில் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு ரூபாய் என்று ஒதுக்கீடு இருக்கும். எங்கள் தாளிலோ ரூபாய் என்ற சொல்லே இல்லை. வரிகளுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டோம். முதல் இரண்டு ஆண்டும் பள்ளி பஸ் பாஸ் இருக்கிறது. பஸ் செலவு இல்லை. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் அரசுப் பள்ளி மாணவியருக்காகத் தொடங்கப்பட்டது. 2024 டிசம்பரில், அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அதை விரிவாக்கினார்கள். எங்கள் வகுப்பு தமிழ் வழிதான். ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் என்று எழுதினோம். விடுதிச் செலவுக்கு அது போதாது என்று அவளே பக்கத்தில் குறித்தாள். உள்ளதை உள்ளபடி எழுதியதாலோ என்னவோ, இந்த முறை அவள் அப்பா தாளைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்கள்.

கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் தாளின் அடியில் போடவில்லை. இரண்டாவது வரிக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, அங்கே போட்டார்கள். “கணக்கு குரூப்பு எடுக்கட்டும். கோட்டுக்குக் கீழ உள்ளதை மார்க்கு வந்த பொறவு பேசிக்கிடுவோம்.” அப்படியே சிஸ்டரிடம் கொடுத்தோம். கோட்டைப் பார்த்தார்கள், ஒன்றும் கேட்காமல் மற்றவற்றோடு அடுக்கினார்கள்.

இப்போது தினமும் மாலையில் அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நால்வரும் கணக்குப் போடுகிறோம். ஆறு மணி முதல் எட்டு மணி வரை பீடித்தட்டு அவள் மடிக்கு வருவதில்லை. கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு ஆச்சி அதைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.