பேரன் தூக்கமும் எங்கம்மா போடும் வெத்தலையும்

கைக்குழந்தை ராத்திரி பூரா அசையாமத் தூங்கணும்னு எங்க ஊர்ப் பக்கம் யாரும் எதிர்பார்த்து நான் பார்த்ததில்லைங்க. "புள்ளைன்னா முழிக்கத்தான் முழிக்கும், அதுக்கு வேறென்ன வேலை?" என்பாங்க எங்கம்மா. ஆனா போன மாசம் எட்டு மாசப் பேரனைத் தூக்கிக்கிட்டு மகள் பெங்களூர்ல இருந்து வந்தப்போ, அவ முகத்தைப் பார்த்து எங்கம்மாவே பேசாம நின்னுட்டாங்க.

பையன் ராத்திரிக்கு அஞ்சாறு தடவை எந்திரிக்கிறான். ஒவ்வொரு தடவையும் பால் கொடுத்து, தோள்ல போட்டு நடந்து, படுக்க வெச்சா உடனே முழிப்பு. மகளுக்கும் வீட்டுல இருந்தே ஆபீஸ் வேலை ஆரம்பிச்சாச்சு. மஞ்சக்காட்டுக்குத் தண்ணி கட்ட ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சுப் போறவன் நான். மும்முனை கரண்ட் எப்ப வருதோ அப்பத்தான் எங்களுக்கு விடியல். தொடர்ந்து நாலு நாள் அப்படிப் போனா, அஞ்சாம் நாள் மம்முட்டியை எங்க வெச்சோம்னு தெரியாது. இவ எட்டு மாசமா அப்படி இருக்கா. "மாடிப்படி இறங்கறப்ப இவனைத் தூக்கவே பயமா இருக்குதுங்கப்பா, கண்ணை இருட்டிக்கிட்டு வருது" அப்படின்னா. அதைக் கேட்ட பிறகு எனக்கும் தூக்கம் வரலை.

மறுநாளே வைத்தியம் வரிசை கட்டி வந்துடுச்சு. ஒருத்தர் கசகசாவை அரைச்சுப் பால்ல கலக்கச் சொன்னார். இன்னொருத்தர் நாக்குல ஒரு சொட்டு பிராந்தி தடவச் சொன்னார். மூணாவது ஆள் டவுன்ல சளி மருந்து வாங்கி ஒரு மூடி கொடுத்தா விடிய விடியத் தூங்கும்னார். மகள் என்னைப் பார்த்து, "ஒரே ஒரு ராத்திரிக்கு மட்டும்ப்பா" அப்படின்னா. அவ நெலமைக்கு அப்படிக் கேட்டதுல தப்பே இல்லை. ஆனா நான் ஒத்துக்கலை.

கசகசா அபினிச் செடியோட விதை. அந்தச் செடியோட பால் விதை மேல ஒட்டியிருந்தா, சின்ன உடம்புக்கு அது மூச்சையே அடக்கிடும். பிராந்தி பத்திச் சொல்லவே வேண்டாம். குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நாலு வயசுக்குக் கீழ கொடுக்கக் கூடாதுன்னு எச்சரிக்கை அச்சடிக்கச் சொல்லி 2023 டிசம்பர்ல மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவே போட்டுச்சு. மயங்கிக் கிடக்கிறதுக்குப் பேர் தூக்கம் இல்லைங்க.

அதுக்குப் பதிலா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டரம்மா எடை பார்த்தாங்க, காது பார்த்தாங்க, குறை ஒண்ணும் இல்லைன்னாங்க. பிறந்த குழந்தைக்குப் பகல், ராத்திரி வித்தியாசமே தெரியாதாம். மூணு மாசம் வாக்குலதான் உடம்புக்குள்ள அந்தக் கடிகாரம் ஓட ஆரம்பிக்குமாம். பெரியவங்களைவிட குழந்தைக்குத் தூக்கச் சுற்று சின்னது, மணிக்கொரு தரம் மேலோட்டமான தூக்கத்துக்கு வந்து போகும். இந்த வயசுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 12-ல் இருந்து 16 மணி நேரம் வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மொத்தக் கணக்குல இவனுக்குக் குறைவு இல்லை, துண்டு துண்டா உடைஞ்சு கிடக்குது, அவ்வளவுதான்.

அடுக்குமாடி வீட்டுல பகல்லயும் திரை போட்டு இருட்டு, ராத்திரி பத்து மணிக்கும் டிவி வெளிச்சம். கடிகாரம் எதை வெச்சு ஓடும்? இங்க வெச்ச முதல் மாத்தம் அதுதான். காலையில ஆறரைக்கு வாசல்ல கொண்டுவந்து உக்கார வெச்சோம். மாடு, கன்னு, கோழி, இளவெயில். பகல்ல வீட்டுச் சத்தத்தோட சத்தமாத் தூங்கட்டும்னு விட்டோம். பொழுது சாஞ்சா வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி, பால் கொடுத்து, எட்டு மணிக்குள்ள விளக்கை அணைச்சிடறது. கண்ணைக் கசக்கி, காதைப் பிடிச்சு இழுக்க ஆரம்பிச்சாலே படுக்க வெச்சிடணும். அழுகை வர்ற வரைக்கும் விட்டா, அசதியில இன்னும் முறுக்கிக்கும். ராத்திரி முழிச்சாலும் பேச்சில்லை, சிரிப்பில்லை, செல்போன் வெளிச்சம் இல்லை.

முதல் நாலு ராத்திரி முன்னைவிட மோசம். புது இடம், போதாக்குறைக்குப் பல் வேற முளைக்குது. எங்கம்மாதான் அசரலை. ராத்திரி முதல் முழிப்புக்கு அவங்க முறை. திண்ணைக்கும் அடுப்படிக்கும் நிதானமா நடப்பாங்க. பாட்டும் உண்டு. மாமன் சீர் கொண்டுவர்றதுல ஆரம்பிச்சு, எங்க மோட்டார் காயில் போனது வரைக்கும் அந்தப் பாட்டுல வந்துடும். பையன் கண் அசந்ததும் படுக்க வெக்க மாட்டாங்க. மடியில வெச்சுக்கிட்டு உக்காந்து, மெதுவா ஒரு வெத்தலை போட்டு முடிச்சிட்டுத்தான் கீழ விடுவாங்க. "கைச்சூட்டுல முதத் தூக்கம் ஊறட்டும் கண்ணு" அப்படிம்பாங்க.

மகள் செல்போன்ல தேடிப் படிச்சுக் காட்டினா. 2022-ல ஜப்பான்ல ரிக்கன் நிறுவனத்து ஆளுங்க ஆராய்ஞ்சிருக்காங்க. அழுகிற குழந்தையைத் தூக்கிட்டு அஞ்சு நிமிஷம் நடங்க, தூங்கினதும் அஞ்சுல இருந்து எட்டு நிமிஷம் மடியில வெச்சுட்டு உக்காருங்க, அப்புறம் படுக்க வைங்கன்னு அதுல இருக்குது. எங்கம்மா கேட்டுட்டு, "அவங்களும் வெத்தலை போடுவாங்களா?" அப்படின்னாங்க.

சண்டை வந்தது தூளிக்குத்தான். உத்தரத்துல பழைய சேலையைக் கட்டணும்னு எங்கம்மா, கூடாதுன்னு மகள். ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்குது. தூளி நம்ம தலைமுறைகளை வளர்த்தது, இல்லைங்கலை. ஆனா அதுல குழந்தை சுருண்டு, தாடை நெஞ்சுல முட்டினா மூச்சு சிரமப்படும். பெரிய பசங்க தூளியில விளையாடி சேலை கழுத்தைச் சுத்தி உயிர் போன செய்தியை நீங்களும் பேப்பர்ல பார்த்திருப்பீங்க. குழந்தையைக் கெட்டியான சமமான படுக்கையில மல்லாக்கப் படுக்க வைக்கணும், பக்கத்துல தலையணை, கனத்த போர்வை எதுவும் வேண்டாம்னுதான் டாக்டருங்க சொல்றாங்க. அமெரிக்காவுல 1994-ல மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லி நாடு பூராப் பிரசாரம் பண்ணதுக்கு அப்புறம், தூக்கத்துல திடீர்னு குழந்தை சாகிறது ஏறக்குறைய பாதியாக் குறைஞ்சுது. கடைசியில தூளி கட்டலை. ஆட்டறது, பாடறது எல்லாம் எங்கம்மா மடியில. தூங்கறது தரையில விரிச்ச பருத்தி மெத்தையில. எங்கம்மாவுக்கு ரெண்டு நாள் வருத்தம், அப்புறம் சரியாயிட்டாங்க.

இப்ப பையன் ராத்திரிக்கு ஒண்ணு, ரெண்டு தடவைதான் எந்திரிக்கிறான். கிராமத்துக் காத்து, கிராமத்து மகிமைன்னு கதை விட மாட்டேன். வெளிச்சமும் ஒழுங்கும் கொஞ்சம் வேலை செஞ்சுது, பல்லும் வெளிய வந்துடுச்சு. அதைவிடப் பெருசு, இங்க நாலு ஜோடிக் கை இருக்குது. முதல் முழிப்பு எங்கம்மா, விடியக்காலை என் சம்சாரம், தண்ணி கட்டப் போகாத நாள்ல நான். நடுவுல மகள் சேர்ந்தாப்புல அஞ்சு மணி நேரம் தூங்கினா. மூணாம் வாரம் அவ சத்தம் போட்டுச் சிரிச்சதைக் கேட்டப்பத்தான் எனக்கு நெஞ்சு ஆறுச்சு.

அவ ஊருக்குத் திரும்பினதும் அந்தக் கைகளுக்கு எங்க போறது? மாப்பிள்ளைக்குப் போன் போட்டுப் பேசினேன். "பால் மட்டும்தாங்க அவ கொடுக்கணும். தூக்கிட்டு நடக்கறது, மடியில வெச்சுக்கறது, துணி மாத்தறது எல்லாம் உங்களாலயும் ஆகும்"னு சொன்னேன். "சரிங்க மாமா, முதல் முழிப்பு என்னுது"ன்னார். பார்ப்போம்.

டவுன்ல இருக்கிற உங்களுக்கும் ஒண்ணு சொல்லிக்கறேன். குழந்தை பிறந்த வீட்டுக்குப் பார்க்கப் போறப்போ, ராத்திரி தூங்கறானான்னு கேட்டு ஒரு வைத்தியம் சொல்லிட்டு வராதீங்க. கையைக் கழுவிட்டுக் குழந்தையை வாங்கிக்குங்க. "நீ போய் ரெண்டு மணி நேரம் படு சாமி, நான் பார்த்துக்கறேன்"னு சொல்லுங்க.