வாலில் தெரியும் வேறுபாடு

பாலித்தீன் கட்டிகளை அடுக்கி, நடுவே கலிஃபோர்னியம்-252 வைத்திருந்தார்கள். மிகச் சிறிய அளவுதான். ஆனால் அதன் அணுக்கரு தானாகப் பிளக்கும் ஒவ்வொரு முறையும் சராசரியாக 3.76 நியூட்ரான்கள் கிளம்பும். கூடவே காமா கதிர்களும். கட்டிகளுக்கு இடையே விட்டிருந்த சந்துக்கு நேரே ஓர் அலுமினிய உருளை. உள்ளே இஜே-309 என்ற சிண்டிலேட்டர் திரவம், பின்னால் ஒளியை மின்துடிப்பாக்கும் ஒளிபெருக்கிக் குழாய். நியூட்ரான் மோதினாலும் காமா மோதினாலும் திரவம் மினுக்கும். வந்தது எது என்று அந்த மினுக்கலை வைத்தே சொல்லியாக வேண்டும்.

ஆய்வு மாணவி இரண்டு துடிப்புகளை உயரம் சமமாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் போட்டார். இரண்டும் சில நானோ நொடிகளில் விறுவிறுவென ஏறி இறங்கின. என் கண்ணுக்கு வேறுபாடே தெரியவில்லை.

"உச்சியைப் பார்க்காதீங்க சார், வாலைப் பாருங்க" என்று சொல்லிச் செங்குத்து அச்சை மடக்கை அளவுக்கு மாற்றினார். இப்போது ஒரு கோடு சட்டென்று தாழ்ந்தது. மற்றது நூற்றுக்கணக்கான நானோ நொடிகளுக்கு இழுத்துக்கொண்டே போனது. இழுப்பதுதான் நியூட்ரான்.

காரணம் திரவத்துக்குள் நடப்பதில் இருக்கிறது. காமா கதிர் எலக்ட்ரானைத் தள்ளுகிறது; நியூட்ரான், ஹைட்ரஜனின் கருவான புரோட்டானைத் தள்ளுகிறது. கனமான புரோட்டான் மிகக் குறுகிய தூரத்துக்குள் தன் ஆற்றலைக் கொட்டிவிடும். அந்தத் தடத்தில் மும்மை நிலை என்ற கிளர்வு நிலையில் உள்ள மூலக்கூறுகள் நெருக்கமாகப் பிறக்கின்றன. இவை தனித்து எளிதில் ஒளிர்வதில்லை. இரண்டு சந்தித்து, ஒன்றின் ஆற்றல் இன்னொன்றுக்குக் கைமாறிய பிறகே ஒளி வரும். சந்திப்புக்கு நேரமாவதால் ஒளி தாமதிக்கிறது. ஆக்சிஜன் கலந்தால் இந்த நிலை அணைந்து, வாலும் சுருங்கிவிடும். அதனால்தான் திரவத்தில் நைட்ரஜனைக் குமிழியிட்டு, காற்றுப் புகாமல் மூடுகிறார்கள்.

இந்த வேறுபாட்டைப் பிரிக்கும் மின்சுற்றை இயற்பியலாளர் புரூக்ஸ் 1959லேயே வெளியிட்டார். ஆனால் அத்தகைய சுற்றில் துடிப்பு கடந்துபோனால் போனதுதான். இங்கே டிஜிட்டைசர் 2 நானோ நொடிக்கு ஒரு முறை அளந்து, துடிப்பு முழுவதையும் சேமிக்கிறது. மொத்தப் பரப்பில் வாலின் பங்கு எவ்வளவு என்பதே கணக்கு. வால் எங்கே தொடங்குகிறது என்ற எல்லையை மாணவி சற்று நகர்த்தினார். ஏற்கெனவே பதிவான துடிப்புகள்தாம். ஆனால் கலங்கலாக இருந்த நியூட்ரான், காமா குவியல்கள் இரண்டும் தெளிவாக விலகி நின்றன. நடந்து முடிந்ததை மறுபடி விசாரிக்க முடிகிறதே, டிஜிட்டல் முறையின் பெரிய பலம் இதுதான் என்று எனக்குப் பட்டது.

ஆற்றல் குறையக் குறைய இரு குவியல்களும் நெருங்கி ஒன்றில் ஒன்று கரைந்தன. வாலில் சில ஒளித்துகள்களே மிஞ்சும்போது எந்தக் கணக்கும் தடுமாறும். ஆகவே எந்த ஆற்றலில் அளந்தது என்று சொல்லாமல் பிரிப்புத் திறனுக்கு ஓர் எண்ணை மட்டும் தருவதை நான் ஏற்கமாட்டேன். இன்னொரு தொல்லை, அடுத்தடுத்து விழும் இரண்டு காமாக்கள். இரண்டாவது முதலாவதின் வாலில் ஏறிக்கொண்டு நியூட்ரான்போல வேடமிடும். அலைவடிவம் கையில் இருப்பதால் அந்த இரண்டாம் மேட்டைக் கண்டு நீக்க முடிகிறது.

சரிபார்க்க இன்னொரு வழியும் வைத்திருந்தார்கள். மூலத்தருகே உள்ள இரண்டாவது உணரி பிளவின் நேரத்தைக் குறிக்கும். அங்கிருந்து 1 மீட்டர் கடக்க காமாவுக்கு 3.3 நானோ நொடி போதும். 1 எம்இவி ஆற்றலுள்ள நியூட்ரானுக்கு 72 வேண்டும். வடிவத்தை வைத்து நியூட்ரான் என்று பிரித்தவற்றில் பெரும்பாலானவை தாமதமாகவே வந்திருந்தன. சில மட்டும் 3 நானோ நொடி அருகில் நின்றன. எல்லாமே ஒளி குறைந்த துடிப்புகள். மாணவி ஒளியின் கீழ் வரம்பை உயர்த்தி, கணக்கை மீண்டும் ஓடவிட்டார்.