மரச்சீனியின் கண்காணாத் துணைவன்

பூதப்பாண்டிப் பக்கத்து மேட்டு விளைகளின் செம்மண்ணைச் "சத்தற்ற மண்" என்று பலரும் கூறக் கேட்கிறோம். இது பாதி உண்மையே. பாஸ்பரஸ் எனப்படும் மணிச்சத்து இத்தகைய செம்மண்ணில் அறவே இல்லாமலில்லை. மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் அதனை இறுகப் பற்றிக்கொண்டிருக்கின்றன. கடன்பட்டு வாங்கியிடும் சூப்பர் பாஸ்பேட்டிலும் பெரும்பகுதி அதே பிடியில் சிக்கிவிடுகிறது.

மணிச்சத்து நீரோடு எளிதில் ஓடிவருவதன்று. வேரையொட்டி ஓரிரு மில்லிமீட்டர் தொலைவிலுள்ளதை உறிஞ்சியதும் அவ்விடம் வெறுமையாகிவிடும். மரச்சீனியின் வேரோ தடித்தது. கிளைகளும் தூவிகளும் குறைவு. அப்படியிருந்தும் வறிய விளையில் அது தழைப்பதெங்ஙனம்?

வேருக்குள் குடியேறும் ஒருவகைப் பூசணமே அதற்குத் துணை. 1885ஆம் ஆண்டில் ஜெர்மன் அறிஞர் ஆல்பெர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் மரவேர்களில் இத்தகைய கூட்டுறவை ஆராய்ந்து 'மைக்கோரைசா' என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் 'மைக்கெஸ்' என்றால் பூசணம், 'ரைசா' என்றால் வேர். (குருமடத்துக் கிரேக்கம் விளைக்கும் உதவுமென்று அன்று யார் கண்டது!) பயிர்களில் காணப்படுவது வேர் உட்பூசணம். வேர்த்தூவியினும் மெல்லிய அதன் இழைகள் மண்ணின் நுண்துளைகளில் நுழைந்து, பல சென்டிமீட்டர் தொலைவிலிருந்தும் மணிச்சத்தைக் கொணர்கின்றன. கைம்மாறாகச் செடி தான் சமைத்த உணவில் ஐந்திலொரு பங்கு வரையிலும் கொடுக்கிறது. விலை சிறிதன்று! ஆதலால் உரத்தை மிகுதியாகக் கொட்டினால் செடி இத்துணைவனுக்கு இடங்கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளும்.

கொலம்பியாவிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை மையம் 1980களில் இதனைச் சோதித்தது. பூசணம் அழிக்கப்பட்ட வறிய மண்ணில் நட்ட மரச்சீனி வளராமல் குன்றிநின்றது.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் மக்காச்சோள வேரில் இப்பூசணத்தை வளர்த்து உழவருக்கு அளிக்கின்றனர். வாங்குவோர் அதனைக் கம்பு ஊன்றும் குழியில் இடவேண்டும். இலைமேல் தெளிப்பதில் பயனில்லை. எனினும், நாட்பட்ட விளைகளில் இது பெரும்பாலும் இயற்கையாகவே இருக்கும். பணம் செலவிடுமுன் இருப்பதைக் காப்பதே முறை. உயிருள்ள வேரின்றி அது பெருகாது. கிழங்கு பிடுங்கிய நிலத்தை வெறுமையாக விடாமல் தட்டைப்பயறு விதைக்கலாம். கடுகும் முட்டைக்கோசும் இதற்கு இடந்தரா. நீர் தேங்கிய நெல்வயலிலும் இது குன்றும். அவ்வயலை வாழைக்கு மாற்றுவோர் இதனைக் கருதவேண்டும்.

பூசணம் மணிச்சத்தைத் தேடித்தருமேயன்றிப் படைப்பதில்லை. சந்தைக்குச் செல்லும் ஒவ்வொரு கிழங்குச் சுமையோடும் சிறிது வெளியேறுகிறது. தழையும் சாணமும் அளவான உரமும் விளைக்குத் திரும்பிவரத்தான் வேண்டும்.