நான்காவது அச்சம்

அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் நான்கினைக் கூறுவார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. முதல் மூன்றும் மாணவர்க்கு எளிதில் விளங்கும். காக்க வேண்டிய தலைவனுக்கு அஞ்சுவது ஏன் என்பதே அவர்தம் வினா. அதற்கு நல்ல விடையொன்றினை ஒரு பேய்ப்படத்தில் கண்டேன்.

டேனியல் மைரிக் இயக்கத்தில், 2008ஆம் ஆண்டு, குறைந்த பொருட்செலவில் உருவான ஆங்கிலப் படம் 'தி அப்ஜெக்டிவ்'. 1999இல் வெளிவந்த 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' படத்தை இயக்கிய இருவருள் இவரும் ஒருவர். கதை 2001 நவம்பரில் ஆப்கானிஸ்தானத்தில் நிகழ்கிறது. படம்பிடித்த இடமோ மொரோக்கோ. அமெரிக்க உளவுத்துறை அலுவலர் ஒருவர், சமயப் பெரியவர் ஒருவரைத் தேடுவதாகக் கூறிப் படைவீரர் சிலரைப் பாலைநிலத்தினூடே அழைத்துச் செல்கிறார். குடிநீர் அற்றுப்போகிறது. இருளில் இனம்புரியாத ஒளிகள் தோன்றுகின்றன. வீரர் ஒவ்வொருவராக மடிகின்றனர். பேயுருவைக் காட்டப் பெரும்பொருள் செலவிடவில்லை. வெற்றுவெளியும் அமைதியுமே அப்பணியைச் செய்துவிடுகின்றன.

ஆயினும், என்னை நடுங்கச் செய்தவை அவ்வொளிகள் அல்ல. பயணத்தின் உண்மை நோக்கம் வேறு. அதனை அலுவலர் அறிவார். உயிரைக் கொடுக்கும் வீரரோ அறியார். அணங்கைக் கண்டால் விலகி ஓடலாம். நம்பித் தொடர்ந்த தலைவனிடமிருந்து எங்கே ஓடுவது?

'இறை' என்னும் சொல் ஆசிரியனையும் குறிக்கும் என்று உரை கொள்வாருண்டு. நம் பின்னேயும் இளையோர் நடந்து வருகின்றனர். எங்கே செல்கிறோம் என்பதை அவர்களுக்கு மறைக்காமல் சொல்லி அழைத்துச் செல்வது நம் கடமை.