இரண்டாவது தோட்டா

தெற்கு டகோட்டாவில் அக்டோபர் மாதத்து மூன்றாவது சனிக்கிழமை ஊர்த் திருவிழா மாதிரி. அன்றுதான் ஃபெசன்ட் என்னும் பறவையின் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள். மோட்டல்களில் அறை கிடைக்காது. கடைத்தெருவெல்லாம் வேட்டைக்காரர்களை வரவேற்கும் பலகைகள். காலை பத்து மணிக்கு முன்னால் சுடக்கூடாது என்பது சட்டம் என்பதால், ஒன்பதரைக்கே வயலோரங்களில் ஆரஞ்சுத் தொப்பிகள் வரிசைகட்டி நிற்கும். பக்கத்து மினசோட்டாவில் குடியிருக்கும் நானும் அந்த வரிசையில் ஒருவன்.

ஃபெசன்ட் அந்த மண்ணில் பிறந்த பறவை அல்ல. ஷாங்காயில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்த ஓவன் டென்னி என்பவர் 1880களின் தொடக்கத்தில் சீனாவிலிருந்து ஆரிகனுக்கு அனுப்பிவைத்த பறவைகள் அமெரிக்காவில் பெருகின. தெற்கு டகோட்டாவின் சோள வயலும் புல்வெளியும் ஃபெசன்டுக்கு நன்றாகவே ஒத்துப்போயின. 1919இல் ஸ்பிங்க் கவுண்டியில் ஒரே ஒரு நாள் வேட்டைக்கு அனுமதி கொடுத்தார்கள். 1943இல் ஃபெசன்டே மாநிலப் பறவையாகிவிட்டது. இன்றைக்கும் ஒருவர் ஒரு நாளில் மூன்று சேவல்களைத்தான் சுடலாம். பெட்டையைத் தொடக்கூடாது.

புதிதாக வேட்டைக்கு வரும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்றுதான். நான் கம்பெனிப் பெயரில் தொடங்குவதில்லை, பறவையில் தொடங்குவேன். சேவல் காலடியிலிருந்து கொக்கரித்துக்கொண்டு படபடவென்று எழும். கழுத்தில் வெள்ளை வளையம் தெரிகிறதா, வால் நீளமா என்று பார்க்கக் கிடைப்பது ஒரு நொடிகூட இல்லை. சூரியனுக்கு எதிரே பறந்தால் நிறம் தெரியாது. அப்போது சுடாமல் விட்டுவிட வேண்டும். சுட்ட பிறகுதான் பெரிய சிக்கல். சிறகு மட்டும் முறிந்து விழுந்த சேவல் சாகாது, ஓடும். கால் இரண்டும் நன்றாக இருந்தால் நாயையே திணறடிக்கும். சம்பங்கோரைக்குள் புகுந்துவிட்டால் பல சமயம் கிடைக்கவே கிடைக்காது. ராத்திரி நரியிடம் மாட்டும், அல்லது குளிரில் கிடந்து சாகும். யாருக்கும் பயன்படாத அந்தச் சாவைத் தடுப்பதுதான் துப்பாக்கியின் முதல் கடமை என்று நான் நினைக்கிறேன்.

செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன் எனக்குப் பிடித்துப்போனது அதனால்தான். விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு வெடி. வெடித்த கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். பம்ப் துப்பாக்கியில் அந்த வேலையை இடது கை செய்தாக வேண்டும். பழகியவர் அதை மின்னல்போலச் செய்வார். என்னைப் போன்ற பலருக்கு அந்த அசைவில் கண் பறவையை விட்டு விலகிவிடும். செமி ஆட்டோவில் கன்னம் கட்டையை விட்டு நகர வேண்டியதில்லை. முதல் வெடியில் தள்ளாடும் பறவையை, விழுவதற்குள் இரண்டாவது வெடியில் முடித்துவிடலாம். இரண்டாவது தோட்டா அடிபட்ட பறவைக்கு உரியது. எட்டாத தூரத்துக்குப் போய்விட்ட பறவைமேல் ஆசைப்பட்டு அதைச் செலவழிப்பது இன்னொரு பறவையை ஊனமாக்கும் வேலை.

இப்படி யோசித்தால் விலைக் கணக்கும் தெளிவாகிறது. ஒருமுறை தெரிந்தவர் ஒருவரின் மிக மலிவான செமி ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனேன். நல்ல குளிர். முதல் வெடிக்குச் சேவல் சாய்ந்தது. வெடித்த கூடு வெளியே வராமல் வாயிலேயே மாட்டிக்கொண்டு நின்றது. நான் அதை விரலால் நோண்டி எடுப்பதற்குள் பறவை கோரைக்குள் ஓடி மறைந்தது. சாயங்காலம்வரை தேடியும் அகப்படவில்லை. அடுத்த தோட்டா ஏறும் என்ற நிச்சயத்துக்குத்தான் நாம் கூடுதல் காசு கொடுக்கிறோம். அந்த நிச்சயம் இன்றைய சந்தையில் ஏறத்தாழ 800 முதல் 1,200 டாலருக்குள் கிடைத்துவிடுகிறது. பெரெட்டா ஏ300 அல்டிமா, ஃபிராங்கி அஃபினிட்டி, வின்செஸ்டர் எஸ்எக்ஸ்4 எல்லாம் இந்த வரிசைதான். அதற்குமேல் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு நயமான வால்நட் கட்டைக்கும், மெருகுக்கும், பெயருக்கும் போகிறது. அவற்றை ரசிப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. பறவைக்கு அதனால் ஒன்றும் இல்லை.

இந்த விலையில் இரண்டு வகை உண்டு. ஒன்று வாயுவில் ஓடுவது. தோட்டா வெடிக்கும்போது எழும் வாயுவில் கொஞ்சம் குழலில் உள்ள துளை வழியாக இறங்கி பிஸ்டனைத் தள்ளும். தோளில் உதை குறைவு. ஆனால் கரி படியும், அவ்வப்போது கழற்றித் துடைக்க வேண்டும். ஏ300, எஸ்எக்ஸ்4 இந்த ரகம். மற்றது இனெர்ஷியா வகை. துப்பாக்கி மொத்தமும் பின்னால் உதைக்கும்போது உள்ளே தோட்டா அறையை மூடியிருக்கும் போல்ட் ஒரு கணம் அசையாமல் நிற்கும். அதனுள் இருக்கும் கெட்டியான ஸ்பிரிங் அமுங்கி விரிந்து போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளும். அஃபினிட்டி இந்த ரகம். இதில் அழுக்கு குறைவு, எடையும் குறைவு. உதைதான் சற்று அதிகம். இதற்கு ஒரு பழக்கம் தேவை. போல்ட்டைச் சத்தமில்லாமல் மெல்ல மூடினால் அதன் தலை முழுக்கத் திரும்பிப் பூட்டிக்கொள்ளாமல் போகலாம். பறவை எழும்போது விசை 'டிக்' என்பதோடு நின்றுவிடும். கைப்பிடியை முழுக்க இழுத்துச் சட்டென்று விட்டுவிட வேண்டும்.

எந்த வகை என்பதைவிட, உடம்புக்குப் பொருந்துகிறதா என்பதுதான் பெரிய கேள்வி. ஷாட்கன்னில் பின்பக்கக் குறிகாட்டி கிடையாது. நம் கண்தான் அது. கண் குழலின் மையக்கோட்டில் தானாக வந்து உட்கார வேண்டும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் ஊர்க் கடையில் இருந்த ஒரு பெரியவர். துப்பாக்கி காலிதானா என்று திறந்து எனக்கும் காட்டிவிட்டு, “கண்ணை மூடிக்கிட்டுத் தோளுக்குத் தூக்குங்க. கன்னம் பதிஞ்சப்புறம் திறந்து பாருங்க” என்றார். திறந்தால் குழலின் இடதுபக்கச் சுவர்தான் தெரிந்தது. கட்டையும் நீளம். கம்பளிக் கோட்டின் அக்குளில் சிக்கியது. நான் ஐந்தரை அடி உயரம். அங்கே பெரும்பாலான கட்டைகள் என்னைவிட உயரமானவர்களுக்குக் கணக்குப் பண்ணிச் செய்தவை. அவர் கட்டையின் அடியிலிருந்து ஒரு ஸ்பேசரைக் கழற்றினார். கட்டையும் துப்பாக்கியின் உடலும் சேரும் இடத்தில் இருந்த ஷிம் என்னும் மெல்லிய தகட்டை மாற்றிப் போட்டார். மறுபடி கண்ணை மூடித் தூக்கினேன். இந்தத் தடவை முனையில் இருந்த மணி நட்டநடுவே நின்றது. இப்படி மாற்றிக்கொள்ளும் வசதி நடுத்தர விலைத் துப்பாக்கிகளிலேயே இப்போது வந்துவிடுகிறது. கடையில் கேட்டு வாங்க வேண்டிய முதல் பொருள் இதுதான்.

ஃபெசன்டுக்கு நாள் முழுக்க நடக்க வேண்டும். மூன்று கிலோவுக்கும் மூன்றரைக் கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் கடையில் தெரியாது, மத்தியானத்துக்குமேல் தெரியும். களைத்த கை துப்பாக்கியைத் தாமதமாகத் தூக்கும், பறவையின் பின்னால் சுடும். இதே துப்பாக்கியை வாத்துக்கும் எடுத்துப் போவீர்களானால் வேறு சட்டங்கள் உண்டு. வலசைப் பறவைகளைச் சுடும்போது மூன்று தோட்டாவுக்குமேல் ஏறாதபடி அடைப்பு இருக்க வேண்டும். 1991 முதல் நாடு முழுவதும் வாத்துக்கு ஈய ரவை கூடாது. எஃகு ரவைக்கு ஏற்ற சோக், அதாவது குழல்முனையைச் சுருக்கும் குழாய், வேண்டும்.

சோக் விஷயத்திலும் ஆசை ஆகாது. 40 கெஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் இம்ப்ரூவ்டு சிலிண்டர் என்னும் சோக் ரவையில் பாதியைப் போடும். மாடிஃபைடு ஏறத்தாழ 60 சதவீதம், ஃபுல் சோக் 70 சதவீதம். பருவத் தொடக்கத்தில் பறவை கிட்டத்திலேயே எழும்போது முதலாவதே போதும். பெரிய காகிதத்தை நிறுத்தி, வாங்கிய தோட்டாவாலேயே சுட்டுப் பாருங்கள். ரவை எங்கே விழுகிறது என்பதை விளம்பரம் சொல்லாது, காகிதம் சொல்லும்.

ஏன் சுடவே வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டம் காட்டு உயிர்களைக் காக்க வேட்டைக்குக் கடிவாளம் போட்டது. அங்கே அது சரி. அமெரிக்காவில் வேறு வழி வகுத்தார்கள். 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி ஷாட்கன்னுக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் 11 சதவீத வரி, காட்டு உயிர்களின் வாழிடத்தைப் பேண மாநிலங்களுக்குப் போகிறது. நான் சுட்டதை நானே உரித்து, மிளகு அரைத்துக் குழம்பு வைத்துச் சாப்பிடுகிறேன். அந்த உயிருக்கு நான் பதில் சொல்ல வேண்டியவன் என்பதை ஒருநாளும் மறந்ததில்லை.

ஆகவே கையில் ஆயிரத்து இருநூறு டாலர் இருந்தால் அத்தனையையும் துப்பாக்கியில் போடாதீர்கள். பொருந்துகிற ஒன்றைத் தொள்ளாயிரத்துக்கு வாங்கிவிட்டு, மிச்சத்துக்குத் தோட்டா வாங்கிக் கோடை முழுக்கக் களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழகுங்கள். முதல் தோட்டாவைச் சுடலாமா, விடலாமா என்று முடிவெடுப்பது வேட்டைக்காரரின் பொறுப்பு. சுட்டுவிட்டால் அந்தப் பறவையைப் பாதியில் விடக்கூடாது. அதற்குத் துணை நிற்காத துப்பாக்கி எந்த விலைக்கு வந்தாலும் எனக்கு வேண்டாம்.