காளானோ விலங்கோ?

தென்தமிழ் நாட்டிலும் இலங்கையிலும் குளமின்றி ஊரில்லை. கோடையில் நீர் குறைந்து கலங்கிய பின்னும் சிறுவர் அதில் மூழ்கித் திளைப்பர். மாடுகளும் அதிலேயே படிந்து கிடக்கும். இவ்வாறு தேங்கிய நீரில் குளிப்போருள் சிலருக்கு மூக்கினுள் செந்நிறச் சதை வளர்வதுண்டு. சற்றே தீண்டினும் குருதி கசியும் அச்சதையின்மேல் வெண்புள்ளிகள் பல தோன்றும். புள்ளி ஒவ்வொன்றும் ஒரு நுண்ணுயிரின் பை. முதிர்ந்த பையினுள் ஆயிரக்கணக்கான நுண்வித்துகள் செறிந்திருக்கும். அவ்வுயிரின் பெயர் ரைனோஸ்போரிடியம்.

இஃது எவ்வினத்தைச் சார்ந்தது? 1900ஆம் ஆண்டில் அர்ஜென்டினா நாட்டில் இதனை ஆராய்ந்த சீபர், விலங்கியல்பு வாய்ந்த ஓரணு உயிர் என்று கருதினார். 1923இல் எடின்பரோ நகரத்து ஆஷ்வொர்த் அதன் வளர்ச்சியைப் படிப்படியாக நுணுகிக் கண்டு, காளான் இனத்தது என முடிவுகட்டினார். தடித்த சுவருடைய பையையும் அதனுள் வித்துத் திரளையும் கண்டவர்க்கு வேறு என்னதான் தோன்றும்? அம்முடிவு முக்கால் நூற்றாண்டு நிலைத்தது. ஆயினும் காளானை ஒழிக்கும் மருந்துகள் இந்நோயைத் தணிக்கவில்லை. காளானை வளர்ப்பதுபோல் இதனையும் ஆய்வுக்கூடத்தில் வளர்க்க முயன்றோர் தோற்றனர்.

1999இல் அமெரிக்க அறிஞரும், இலங்கைப் பேராதனையைச் சேர்ந்த அறிஞர் ஒருவரும் கூடி, தோற்றத்தை விடுத்து அதன் மரபணுவைப் பிற உயிர்களின் மரபணுக்களோடு ஒப்பிட்டனர். காளான்களோடு அது சேரவில்லை. சால்மன் முதலிய மீன்களைப் பற்றி நோய் செய்யும் ஓரணு உயிர்களே அதன் நெருங்கிய உறவினர் எனப் புலனாயிற்று.

அவ்வுறவினரோ விலங்குகளும் காளான்களும் ஒரு பொது முன்னோரினின்று பிரிந்த பின்னர், விலங்குகளின் பக்கத்தில் கிளைத்தவை. அதே பக்கத்தில் விலங்குகளுக்கு இன்னும் அணுக்கமான ஓரணு உயிர்களும் உண்டு. அவற்றுள் ஒரு வகை, கழுத்துப்பட்டை போன்ற வளையமும் நடுவே ஒற்றைச் சாட்டையும் உடையது. கடற்பஞ்சின் உடலிலும் அத்தகைய அணுக்கள் இருத்தலை ஜேம்ஸ்-கிளார்க் 1866இலேயே எடுத்துக்காட்டினார். அங்குத் தோற்றம் மெய்யான உறவைக் காட்டிற்று. மூக்குநோய் உயிரின் வகையில் அதே தோற்றம் அறிஞரை ஏமாற்றிற்று!

இனம் தெளிந்துவிட்டமையால் நோயாளருக்கு உடனே விடிவு பிறந்துவிடவில்லை. தொழுநோய்க்கு வழங்கும் டாப்சோன் சிலருக்கு ஓரளவு உதவுகிறது. எனினும் சதையை அறுத்தெடுத்து அடிப்பகுதியைச் சுட்டுத் தீய்ப்பதே மருத்துவர் பெரிதும் கைக்கொள்ளும் வழி. சிறு துணுக்கு எஞ்சினும் அது மீண்டும் தழைத்துவிடக்கூடும்.